சவப்பெட்டிக் கடையில் வாங்கிய எண்ணெய்

நான் பயந்தவன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் வருவது எதற்கும் நீங்கள் ஆச்சரியப்பட மாட்டீர்கள். சிங்கப்பூரில் டிராம் ஓடத் தொடங்கிய புதிதில், மேலே கம்பியில் தீப்பொறி பறப்பதைப் பார்த்துவிட்டு, ஆறு மாதம் அதில் ஏறாமல் நடந்தே வேலைக்குப் போனவன் நான். ஆற்றங்கரையில் ஒரு கிடங்கில் கிராணி வேலை. மூட்டை வந்தால் எழுதுவேன், போனால் எழுதுவேன். வெள்ளைக்கார மேலாளர் படியேறும் சத்தம் கேட்டால் எழுதியதையே மறுபடியும் எழுதுவேன்.

இப்படிப்பட்டவன் கித்தார் செய்யப் புறப்பட்ட கதையைக் கேட்டால் இன்றும் என் மனைவி சிரிப்பாள். கிடங்கில் எனக்கு அடுத்த மேசைக்காரர் மலாக்காவிலிருந்து வந்த செரானி. போர்த்துக்கீசிய வழியில் வந்தவர். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் மிளகு மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்து கித்தார் வாசிப்பார். பாட்டு எனக்குப் புரியாது. ஆனால் அந்தக் கம்பிகளின் அதிர்வு மரத்துக்குள் போய்த் திரும்பி வருவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் அந்தக் கொஞ்ச நேரம், எனக்கு எதைப் பற்றியும் பயம் இருக்காது. மேலாளரே வந்து முன்னால் நின்றாலும் உட்கார்ந்திருப்பேன் போலத் தோன்றும். அந்த நேரத்தை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

செரானி நல்ல மனிதர். தன் கித்தாரை நூல் வைத்து அளக்க விட்டார். நூலில் முடிச்சுப் போட்டுப் போட்டு நீளம், அகலம், இடுப்பு வளைவு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். பர்மாவிலிருந்து வந்த உடைந்த பெட்டிகளிலிருந்து தேக்குப் பலகை கிடைத்தது. பக்கப் பலகைகளை இழைத்து மெலிதாக்கி, வெந்நீரில் ஊறவைத்து, சூடான இரும்புக் குழாயின் மேல் வளைத்தேன். மூன்று தடவை ஒடிந்தது. நாலாவது தடவை வளைந்தபோது வீட்டுக்குள் நான் போட்ட கூச்சலில் பக்கத்துத் தொழுவத்து எருமைகள் மிரண்டுவிட்டன.

எங்கள் வீடு சிராங்கூன் சாலைக்கு உள்ளே, சுண்ணாம்புக் கம்பம் என்கிற குடியிருப்பில், மாட்டுத் தொழுவங்களுக்குப் பின்னால் இருந்தது. பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை, ஓர் அறை, ஒரு சமையல் தாழ்வாரம். பக்கத்தில் ஒரு பால்காரக் குடும்பம். அந்த வீட்டம்மாவை நானும் என் மனைவியும் அக்கா என்றே கூப்பிடுவோம்.

என் மனைவியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். என்னைக் கல்யாணம் செய்துகொள்ளத் தன் அப்பாவோடு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தவள் அவள். கப்பலில் ஒருவருக்குப் பெரியம்மை கண்டதால் எல்லாரையும் துறைமுகத்துக்கு வெளியே இருந்த தீவில் இறக்கிவிட்டார்கள். நோய் வருகிறதா என்று நாள் கணக்கில் அடைத்து வைத்துப் பார்க்கிற தீவு. நாலாம் நாள் அவள் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. தூக்குக் கட்டிலில் வேறு கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். போகும்போது பயப்படாதே என்பதுபோலத் தோள் துண்டை எடுத்து ஆட்டினாராம். அதன் பிறகு அவள் அவரைப் பார்க்கவில்லை. சொந்தம் என்று ஒருவரும் இல்லாமல் இன்னும் மூன்று வாரம் அங்கே கிடந்துவிட்டுத்தான் கரைக்கு வந்தாள்.

படகுத் துறையில் நான் போய் நின்றேன். நானும் அவளும் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டது அங்கேதான். அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு, "மறுபடியும் என்னை அந்தத் தீவுக்கு மட்டும் அனுப்பிடாதீங்க" என்பது. "மாட்டேன்" என்றேன். யோசிக்காமல், பயப்படாமல் என் வாழ்க்கையில் நான் கொடுத்த வாக்கு அது ஒன்றுதான்.

இனி எண்ணெய்க்கு வருகிறேன். கித்தார் ஒட்டி முடிந்து, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பானதும், அதற்குப் பளபளப்பு ஏற்ற வேண்டியிருந்தது. செரானியின் கித்தாரில் கிடங்கின் ஜன்னல் அப்படியே தெரியும். எனக்கும் அப்படி வேண்டும். வீட்டில் இருந்தது நல்லெண்ணெய்; அதைத் தேய்த்தேன். மறுநாள் எறும்பு வரிசை கட்டியது. "என்னங்க, கித்தார் செய்யறீங்களா, ஊறுகாய் போடறீங்களா?" என்று கேட்டாள். அதைத் துடைத்துச் சுரண்டிவிட்டு, கிடங்கில் வர்ணம் அடிக்கிறவரிடம் ஆளிவிதை எண்ணெய் கொஞ்சம் வாங்கி வந்து பூசினேன். அது காய்ந்தது, ஆனால் மங்கலாகக் கிடந்தது. எருமை முதுகில்கூட அதைவிட மினுமினுப்பு இருக்கும்.

அப்போதுதான் அந்தக் கடை கண்ணில் பட்டது. ரோச்சோர் வாய்க்கால் பக்கம் நான் தினமும் கடந்துபோகும் சீனச் சவப்பெட்டிக் கடை. தினமும் எதிர்ப்பக்கமாக, தலையைத் திருப்பிக்கொண்டு கடந்துபோகிற கடை. ஒரு நாள் மழைக்கு ஒதுங்கியபோது திருப்ப முடியவில்லை. உள்ளே ஒரு பெட்டி, நாலு பெரிய மரங்களை உருட்டிச் சேர்த்த மாதிரி பருமனாக, முக்காலிகளின் மேல் இருந்தது. அதன் பக்கவாட்டில் தெரு முழுவதும் தெரிந்தது. மழை தெரிந்தது, ரிக்‌ஷா தெரிந்தது, வாயைப் பிளந்து நிற்கும் நானும் தெரிந்தேன். அந்த மாதிரிப் பளபளப்பை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

நாலு நாள் கடையைக் கடந்து கடந்து போய்விட்டு, ஐந்தாம் நாள் உள்ளே போனேன். நடுப்பகல்தான். ஆனாலும் என் நெஞ்சு அடித்த அடி எனக்கே கேட்டது. கடைக்காரர் வெறும் உடம்போடு உட்கார்ந்து வெற்றுப் பலகைக்குப் பூச்சு பூசிக்கொண்டிருந்தார். பெட்டி வாங்க வந்தவன் என்று நினைத்து முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டார். நான் பெட்டியைத் தொட்டு, தேய்ப்பதுபோலக் காட்டி, எனக்குத் தெரிந்த மலாயில் எண்ணெய்தான் வேண்டும் என்றேன். அவருக்கு ஆச்சரியம். ஒரு சின்ன மண் ஜாடியில் பழுப்பாக, தேன்போல் கெட்டியாக ஊற்றி, வாயை எண்ணெய்த்தாளால் மூடிக் கட்டிக் கொடுத்தார்.

கொடுத்துவிட்டு ஒரு காரியம் செய்தார். ஜாடியைக் காட்டினார், என் முகத்தைக் காட்டினார். பிறகு தன் கன்னங்களைப் புஸ்ஸென்று உப்பவைத்து, இரண்டு கண்களையும் இறுக்கி மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்துக் காட்டினார். கண்ணைத் திறந்து, "ஜாகா, ஜாகா" என்றார். பார்த்துக்கொள் என்று அர்த்தம். சவப்பெட்டி விற்கிறவர் உப்பிய கன்னமும் மூடிய கண்ணுமாக ஒரு முகத்தைக் காட்டிப் பார்த்துக்கொள் என்று சொன்னால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நான் பிணத்தை நினைத்தேன். ஜாடியைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

வீட்டில் மரச்சாமான் கடையில் வாங்கியது என்று சொன்னேன். சவப்பெட்டிக் கடைச் சரக்கு வீட்டுக்குள் வந்திருக்கிறது என்று தெரிந்தால் அவள் சோறு இறங்காமல் கிடப்பாள். அது ஒரு காரணம். சொல்லப் பயம் என்பதுதான் பெரிய காரணம்.

அந்த எண்ணெய் கையில் பட்டால் கறுப்பாகப் பிடித்துக்கொண்டு சோப்புக்கும் போகாது. அதனால் முதலில் இரண்டு கைகளிலும் முழங்கை வரை தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வேன். மேலே பழைய கோட்டு ஒன்றைப் போட்டுக்கொள்வேன். வேலை விட்டு வந்து, வெளிச்சம் இருக்கும்போதே, துணியைச் சின்ன உருண்டையாகக் கட்டி, நனைத்தும் நனையாமலும் தொட்டு, வட்டம் வட்டமாகத் தேய்ப்பேன். பிறகு கழுத்தில் கயிறு கட்டி ஆணியில் மாட்டிவிடுவேன். மறுநாள் சாயங்காலம் தேய்ந்த உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தடவிவிட்டு அடுத்த பூச்சு. எண்ணெய் ஒலியைக் கெடுக்கிறதா என்று பார்க்க, தடித்த கம்பி ஒன்றை மட்டும் கட்டி வைத்திருந்தேன்.

ஏழாவது பூச்சில் என் மூக்கு அதில் தெரிந்தது. என் முகத்தை அவ்வளவு பிரியமாக நான் அதுவரை பார்த்ததில்லை.

ஆனால் ஓர் இடம் மட்டும் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. கழுத்துக்குப் பக்கத்தில், தோள்போல வளைந்து இறங்கும் பலகையில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மங்கல். காலையில் பார்த்துவிட்டுப் போகும்போது கண்ணாடியாக இருக்கும், சாயங்காலம் வந்து பார்த்தால் மங்கியிருக்கும். காற்றின் ஈரம் என்று நினைத்தேன். கூரை ஒழுகலோ என்று நினைத்தேன். கடைசியில் சமையல் புகைதான் என்று முடிவு கட்டினேன். "தாளிச்சுத் தாளிச்சு என் வேலையைக் கெடுக்கிறே" என்று கத்தினேன். வீட்டில் மட்டும் எனக்குக் கோபம் வரும். அவள் தலையைக் குனிந்துகொண்டு போய்ச் சமையல் தாழ்வாரத்துக்கும் அறைக்கும் நடுவில் ஒரு பழைய சேலையைக் கட்டித் திரை போட்டாள்.

அவளுக்கும் அந்தக் கித்தாருக்கும் ஆகாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஈரம் காயும் வரை தொடாதே, விரல் பதிந்துவிடும் என்று சொன்னதற்கு, "அந்த நாத்தத்தை யாரு தொடுவா?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டவள் அவள். அதனால் அந்த மங்கல் இடத்துக்கு மட்டும் தினமும் ஒரு பூச்சு கூடுதலாகக் கொடுத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவள் முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டே சமைத்தாள். கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தேன். பால் கொண்டுவந்த அக்கா முக்காட்டை விலக்கிப் பார்த்தார். பார்த்ததும் பால் செம்பைக் கீழே வைத்துவிட்டுத் தன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தாயே!" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, அம்மா வந்திருக்கா. வாய் தவறிக்கூட வேற பேரு சொல்லாதீங்க" என்றார்.

இடது கன்னம் சிவந்து தடித்திருந்தது. அதன் மேல் பொடிப் பொடியாக நீர்க் கொப்புளங்கள். இரண்டு முன்கைகளின் உட்பக்கமும் அப்படியே. எங்கள் பக்கத்தில் அம்மை வந்தால் அம்மன் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று அர்த்தம். தாளிக்கக் கூடாது, வைத்தியரைக் கூப்பிடக் கூடாது, வேப்பிலையில் படுக்கை போட வேண்டும், வாசலில் வேப்பிலை கட்ட வேண்டும். இந்த ஊர்ச் சட்டப்படியோ அம்மை கண்டவரை மறைத்து வைப்பது குற்றம். தெரிந்தால் மூடிய வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். எங்கே என்று நாம் கேட்க முடியாது.

"வாசல்ல கட்டினா சுகாதாரக்காரங்க பாத்துருவாங்களே அக்கா" என்றேன்.

"கட்டலன்னா அவ பாத்துருவாளே தம்பி" என்றார்.

எனக்கு இரண்டு பேரிடமும் பயம். சிராங்கூன் சாலைக் கோயில் பக்கத்து வேப்ப மரத்தில் ஒரு கொத்து ஒடித்து, கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு வந்தேன். பட்டப்பகலில், வேர்த்து விறுவிறுத்து, கழுத்துப் பட்டை வழியாக இலை எட்டிப் பார்க்க நடந்தேன். எதிரே வந்த ஒருவர், "வீட்டுல யாருக்குங்க?" என்று நின்று கேட்டார். "பல்லு வலி" என்றேன். பல்வலிக்கு ஒரு கொத்து எதற்கு என்று அவர் முகம் கேட்டது. வீட்டுக்கு வந்து அதில் ஓர் இணுக்கை மட்டும் கதவு நிலையின் உட்பக்கம், பாதி தெரியும்படி கட்டினேன். அம்மன் பார்த்துக்கொள்ளட்டும், ஆபீஸர் பார்க்காமல் போகட்டும் என்று. என் வாழ்க்கையே அப்படிப் பாதி கட்டியதுதான்.

வயிற்றுப்போக்கு என்று கிடங்குக்குச் சொல்லி அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்தேன். அவள் வேப்பிலை பரப்பிய பாயில் படுத்துக்கொண்டு கேட்டாள்.

"இது அதுதானாங்க?"

"இல்ல. சூட்டுக் கொப்புளம்."

"பொய் சொல்றீங்க. என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்களா?"

"மாட்டாங்க."

"நீங்க அனுப்ப மாட்டீங்கல்ல?"

"மாட்டேன்" என்றேன். இந்தத் தடவை குரல் எழும்பவில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கும் தொற்றிவிடுமோ என்று பயந்து, ஒரு முழம் தள்ளியே உட்கார்ந்திருந்தேன்.

வியாழக்கிழமை காலை கஞ்சி கொண்டுபோனேன். அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். கன்னங்கள் இரண்டும் உப்பியிருந்தன. இமைகள் வீங்கி, கண்கள் கோடாக மூடியிருந்தன. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அந்த முகத்தை நான் முன்பே பார்த்திருந்தேன். சவப்பெட்டிக் கடைக்காரர் எனக்குக் காட்டிய முகம் அது.

அன்று எனக்கு வந்த பயத்தைச் சொல்ல வார்த்தை இல்லை. இவள் சாகப்போவது அந்த மனிதருக்கு அன்றே தெரிந்திருக்கிறது. பிணத்துக்கு உரிய எண்ணெயை வீட்டுக்குள் கொண்டுவந்து நானே எமனுக்கு வழி காட்டிவிட்டேன். இப்படித்தான் என் புத்தி ஓடியது. ஜாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் வந்தது போய்விடும் என்று தோன்றியது. அக்காவை அவள் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, ஜாடியைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன்.

சந்து முனையில் திரும்பிப் பார்த்தேன். வாராவாரம் பால் தொழுவங்களைச் சோதிக்க வரும் வெள்ளைக்கார சுகாதார இன்ஸ்பெக்டர் எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பாதி தெரிந்த வேப்பிலையைக் கைப்பிரம்பால் தொட்டுப் பார்த்தார். பிறகு வாசலைத் தாண்டாமல், வேகமாகத் திரும்பிச் சாலைப் பக்கம் நடந்தார். வண்டிக்குச் சொல்லத்தான் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் திரும்பி ஓடி அவள் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. கால் ரோச்சோர் பக்கம்தான் போனது. பெரிய பயத்துக்கு முன்னால் சின்னப் பரிகாரத்தைச் செய்து தப்பிக்கப் பார்க்கிறவன் நான். இதை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

கடையில் கடைக்காரர் இல்லை. வாசலுக்குப் பக்கத்தில் புது வேலைக்காரர் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்து நான் அலறிவிட்டேன். உப்பிய கன்னம், கோடாகிய கண்கள், கன்னத்தில் நீர்க் கொப்புளம். என் மனைவியின் முகம். அந்த முகத்தோடு அவர் ஒரு கருவாட்டுத் துண்டைக் கடித்துக்கொண்டு, என் அலறலைக் கேட்டுச் சிரித்தார்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து கடைக்காரர் வந்தார். என் கையிலிருந்த ஜாடியைக் கண்டுகொண்டார். ஜாடியைக் காட்டினார், வேலைக்காரரின் முகத்தைக் காட்டினார், தன் கன்னத்தை அதே மாதிரி உப்பவைத்துக் கண்ணை மூடிக் காட்டினார். "ஜாகா" என்று சொல்லி என்னை அதட்டினார். அன்றைக்கே சொன்னேனே, கேட்டாயா என்கிற அதட்டல். பிறகு பத்து விரல்களைக் காட்டி, வானத்தில் சூரியன் போகும் வழியைக் காட்டி, முகத்தைத் துடைத்துவிட்டதுபோல் கையை உதறினார். பத்து நாளில் போய்விடும். வேலைக்காரர் அதற்கும் சிரித்தார்.

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. எண்ணெய்! எண்ணெயில் கலந்திருக்கிற ஏதோ மரத்துப் பால் கடிக்கிறது. பிணமும் இல்லை, எமனும் இல்லை. ஜாடியைக் கட்டிக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறி, ஓடு ஓடு என்று கத்திக்கொண்டே வந்தேன்.

சந்துக்குள் மூடிய வண்டி நின்றது. கறுப்புத் தார்ப்பாய், பின்னால் சின்னக் கதவு. அக்கம்பக்கத்தவர் எல்லாரும் தொழுவங்களுக்குள் போய் நின்றுகொண்டு எட்டிப் பார்த்தார்கள். வீட்டுக்குள் யாழ்ப்பாணத்து டிரெசர் ஒருவர், டாக்டருக்குக் கீழே வேலை பார்க்கிறவர், கண்ணாடியும் தொப்பியுமாக நின்றார். என் மனைவி கண் தெரியாமல், சுவர் ஓரத்துக் கம்பத்தை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் வர மாட்டேன்... நான் வர மாட்டேன்" என்று மெதுவாக, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஐயா, இது அம்மை இல்ல! எண்ணெய்!" என்று கத்திக்கொண்டே நுழைந்தேன். ஜாடியைக் காட்டினேன். ஆணியில் தொங்கிய கித்தாரைக் காட்டினேன். சவப்பெட்டிக் கடை, வேலைக்காரர் முகம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். சவப்பெட்டி என்ற சொல்லைக் கேட்டு அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார்.

டிரெசர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சீனருடைய மெருகுப் பால் சிலருக்குக் கடிக்கும், அது எனக்கும் தெரியும். ஆனால் பூசினது ஆர்? நீர்தானே?"

"நான்தாங்க."

"உம்மடை கையைக் காட்டும் பாப்பம். ஒண்டுமில்லை. உம்மடை முகத்திலையும் ஒண்டுமில்லை. உம்மடை மனுசி இதைத் தொட்டவவோ?"

நான் வாயைத் திறந்தேன். தொட்டாள் என்று சொன்னால் பொய். அவள் அதைத் தொடவே இல்லையே. தொடாதே என்று நானேதான் சொல்லியிருந்தேன். கையில் வந்தது நழுவுகிறது என்று தெரிந்தது. தோள் துண்டை ஆட்டிக்கொண்டே போன, நான் பார்த்தே இராத ஒரு மனிதர் கண்முன் வந்தார்.

"தொடாத ஆளுக்கு எண்ணெய் எப்பிடிக் கடிக்கும்?" என்றார் டிரெசர். "நான் இரக்கப்பட்டு விட்டிட்டுப் போனால் இந்தச் சந்து முழுக்கச் சாகும். வண்டியிலை ஏத்த வேணும்."

"தொட்டேன்" என்றாள் அவள்.

எல்லாரும் திரும்பினோம். அவள் கம்பத்தை விடாமல், மூடிய கண்களோடு, எங்கள் குரல் வந்த பக்கம் பார்த்துப் பேசினாள்.

"தொட்டேங்க. தினமும். அவரு வேலைக்குப் போனதும் ஆணியில இருந்து எடுத்து மடியில வச்சுக்குவேன். முந்தானையச் சுத்திக்கிட்டு, பிள்ளையத் தூக்குற மாதிரி. தெரிஞ்சா திட்டுவாருன்னு சொல்லல. அவரு வர்றதுக்கு முந்தி மாட்டிடுவேன்."

"கன்னத்திலை ஏன் பிள்ளை?" டிரெசரின் குரல் இறங்கியிருந்தது.

"கன்னத்த அதுமேல வச்சுக்கிட்டு அந்த ஒத்தக் கம்பியத் தட்டுவேன். உள்ள இருந்து வர்ற சத்தம் காதுக்குள்ள கேக்கும். அப்ப மட்டும் பயமா இருக்காது."

டிரெசர் கித்தாரை அவரே எடுக்கவில்லை. துணியைச் சுற்றி என்னை எடுத்துக் காட்டச் சொன்னார். அவள் மடிக்கு அருகே, தொடாமல், பிடித்துக் காட்டினேன். முன்கைகளின் கொப்புள வரிசை பலகையின் விளிம்போடு ஒத்துப்போனது. இடது கன்னம் வந்த இடத்தில், அந்தத் தோள் வளைவில், உள்ளங்கை அகலத்துக்கு மங்கலாக இருந்தது. அவள் கன்னத்தின் அகலம் அது.

நான் தினமும் கூடுதலாகப் பூசிய இடம். சாயங்காலம் மங்கலைப் பார்த்துப் புகையைத் திட்டிக்கொண்டு நான் ஈரமாகப் பூசுவேன். மறுநாள் அவள் அதே இடத்தில் கன்னத்தை வைப்பாள். அந்த ஈரத்தை அவள் கன்னத்தில் நானே நாள் தவறாமல் தடவியிருக்கிறேன்.

டிரெசர் அவள் நாக்கடியில் காய்ச்சல் குழாயை வைத்துப் பார்த்தார். "அம்மை எண்டால் முதலிலை நல்ல காய்ச்சல் காயும், பிறகுதான் கொப்புளம் வரும். இவவுக்குக் காய்ச்சல் இல்லை" என்றார். வெளியே போய் வண்டியைத் திருப்பி அனுப்பினார். மூன்று நாள் தானே வந்து பார்ப்பதாகவும், அதுவரை யாரும் இந்தச் சந்திலிருந்து வெளியே போகக்கூடாது என்றும் சொன்னார். போகும்போது வாசலில் நின்று, "இந்த வேப்பிலையைக் கட்டினால் முழுக்கக் கட்டும், இல்லாட்டி விடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வண்டிச் சக்கரச் சத்தம் சாலையில் போய் மறையும் வரை அவள் கம்பத்தை விடவில்லை. நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு முழம் தள்ளி இல்லை, ஒட்டியே.

"இன்னிக்குத்தான் பக்கத்துல உக்காரறீங்க" என்றாள். கண் மூடியிருந்தாலும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

மூன்று நாளும் டிரெசர் வந்தார். பத்தாம் நாள் வீக்கம் வடிந்தது, மூன்றாம் வாரம் தோல் உரிந்து முகம் பழையபடி ஆயிற்று. மிச்ச எண்ணெயைத் தொழுவத்துக்குப் பின்னால் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தேன். கித்தாரை நாலு மாதம் யாரும் தொடவில்லை. நன்றாகக் காய்ந்துவிட்டால் கடிக்காது என்று சவப்பெட்டிக் கடைக்காரரிடம் மூன்று தடவை போய்க் கேட்டு உறுதி செய்துகொண்டேன். என்னைக் கண்டால் கன்னத்தை உப்பவைத்துக் காட்டுவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. பிறகு மற்ற ஐந்து கம்பிகளையும் கட்டினேன். எனக்கு அதில் ஒரு பாட்டும் ஒழுங்காக வாசிக்க வரவில்லை. அந்த மங்கல் இடத்தை மட்டும் நான் பிறகு தேய்க்கவில்லை. மற்ற இடங்களில் முகம் தெரியும், அங்கே தெரியாது.

ஒரு சனிக்கிழமை வேலை சீக்கிரம் முடிந்து, நடுப்பகலில் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே தடித்த கம்பி ஒன்று மட்டும் அதிர்ந்தது. கொஞ்சம் நின்று மறுபடி அதிர்ந்தது. கன்னம், கொப்புளம், வண்டி எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்தன. கதவைத் தள்ளி, கித்தாரைப் பிடுங்கி வைத்துவிடலாம் என்று கையைத் தூக்கினேன். பிறகு கையை இறக்கிக்கொண்டு, அந்தச் சத்தம் தானாக நிற்கும் வரை வெயிலிலேயே நின்றேன்.